அடிப்பதற்கு முன்னால்: மாடல் கார் பாடியில் கோடு, பட்டி, பிரைமர்

புளியரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். முதல் முறையாக 1/24 அளவில் ஒரு ஜப்பான் கார் கிட் வாங்கினாராம். சிவப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த பாடி. பெட்டியைப் பிரித்த அன்றே ஸ்ப்ரே கேனில் வெள்ளை அடித்துவிட்டார். மறுநாள் பார்த்தால் வெள்ளை ரோஸ் ஆகியிருக்கிறது. மட்கார்டின் மேல் நீளமாக ஒரு கோடு. கதவு இடுக்குகள் பாதி மூடிக்கொண்டன. மாஸ்கிங் டேப்பை எடுத்தபோது பெயிண்டும் வெயிலில் காய்ந்த தோல் போல உரிந்து வந்துவிட்டது. "நல்ல பெயிண்ட் எது, எந்தக் கம்பெனி வாங்கலாம்?" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, பெயிண்டைக் குற்றம் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்ன நாலு கோளாறும் கேனைக் குலுக்குவதற்கு முன்பே அந்தப் பாடியில் இருந்தவை. சிவப்புப் பிளாஸ்டிக்கின் சாயம் பெயிண்டிலுள்ள தின்னரில் கரைந்து மேலே ஏறியதால் ரோஸ் ஆனது. நீளக் கோடு அச்சில் வார்க்கும்போதே விழுந்தது. கதவு இடுக்கு மூடியதற்குக் காரணம், அது ஆழமில்லாமல் இருந்தது. உரிந்து வந்தது, கழுவாமலும் பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமலும் அடித்ததால். எனவே எந்தக் கம்பெனி என்ற கேள்வியை ஒரு மாதத்துக்குத் தள்ளிவையுங்கள். இப்போதைக்கு ஹார்டுவேர் கடைக்குப் போய் 400, 600, 1000, 1500 நம்பர்களில், தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் நம்பருக்கொன்று வாங்கி வாருங்கள்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது மாடல் கார் செய்து அல்ல. பள்ளி விடுமுறை முழுக்க நான் புனலூரில் மாமா வீட்டில்தான் இருப்பேன். செங்கோட்டையில் மீட்டர்கேஜ் வண்டியில் ஏறினால் பகவதிபுரம், ஆரியங்காவு, பதின்மூன்று கண் பாலம், தென்மலை என்று மலையைச் சுற்றிக்கொண்டு போய் இறக்கிவிடும். மாமாவுக்கு அங்கே டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை. பெயிண்டரை எல்லாரும் ஆசான் என்றே கூப்பிடுவார்கள். அம்பாசிடர் மட்கார்டில் பள்ளத்தை நிரப்பிய பட்டியைத் தேய்த்து முடித்ததும் ஆசான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மெதுவாக இழுப்பார். ஓரிடத்தில் கை நிற்கும். "இவிடெ" என்பார். நான் குனிந்து குனிந்து பார்ப்பேன், ஒன்றும் தெரியாது. ஒருமுறை வண்டிக்காரர் கல்யாணத்துக்கு வண்டி வேண்டும் என்று அவசரப்படுத்தினார். அந்த இடத்தை அப்படியே விட்டு கறுப்பு அடித்தார்கள். காய்ந்து பாலிஷ் போட்டதும், மேலே எரிந்த டியூப்லைட் அந்த மட்கார்டில் நேராக விழாமல், ஆசான் கை நின்ற அதே இடத்தில் ஒடிந்து தெரிந்தது.

காரணம் எளிது. பளபளக்கும் பெயிண்ட் ஒரு கண்ணாடி. மங்கலான பட்டியின் மேலும் பிளாஸ்டிக்கின் மேலும் வெளிச்சம் சிதறிவிடுவதால் மேடு பள்ளம் கண்ணுக்குத் தெரியாது. மேலே பளபளப்பு ஏறிவிட்டால் கால் மயிரிழைப் பள்ளம்கூட வெளிச்சத்தை வளைத்துக் காட்டிக் கொடுத்துவிடும். கட்டைவிரல் நீளத்துக் கதவிலும் இதே கதைதான்.

பாடியைக் கையில் எடுத்ததும் ஒவ்வொரு கோட்டையும் பார்த்து ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தக் கோடு நிஜக் காரில் இருக்கிறதா? இருக்கிறதென்றால் அதை ஆழப்படுத்த வேண்டும். இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். பெயிண்டுக்கு முந்தைய வேலை மொத்தமும் இதற்குள் அடங்கிவிடும். அதனால் நிஜ வண்டியின் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் அதே வண்டி நின்றால் இன்னும் நல்லது. குனிந்து கதவு இடுக்கைப் பாருங்கள். வண்டிக்காரர் முறைத்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் அடித்த வெள்ளையை எடுக்க வேண்டும். இங்கேதான் நான் ஒரு பாடியைக் கொன்றேன். பட்டறைப் பழக்கத்தில், லாக்கர் பெயிண்டைக் கரைக்கும் என்.சி. தின்னரைத் துணியில் நனைத்து டாப்பைத் துடைத்தேன். பெயிண்ட் வந்தது, கூடவே டாப்பும் குழைந்தது. அரை நிமிடத்தில் மேற்பரப்பு முழுக்க வெந்த அப்பளம் போலக் கொப்புளமும் வலைப்பின்னலும். கிட்களில் வருவது பாலிஸ்டைரீன். தின்னர், அசிட்டோன், நகப்பூச்சு அழிக்கும் திரவம் மூன்றுமே அதைக் கரைத்துவிடும். தகரத்துக்கு நல்லது பிளாஸ்டிக்குக்கு விஷம்.

பாதுகாப்பான வழி, வண்டிக்கு ஊற்றும் பிரேக் ஆயில். மூடியுள்ள டப்பாவில் பாடி மூழ்கும் அளவு ஊற்றி ஒரு ராத்திரி விட்டால் பெரும்பாலான பெயிண்ட் சுருங்கி எழும்பிவிடும். பழைய பல் பிரஷால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். கையுறை கட்டாயம். பயன்படுத்திய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். எதை ஊற்றுவதானாலும் முதலில் பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தில் ஒரு துண்டை வெட்டிப் போட்டுப் பாருங்கள். பாடியும் சட்டமும் ஒரே பிளாஸ்டிக்தான். துண்டு பிழைத்தால் பாடியும் பிழைக்கும். குரோம் பூசிய பம்பர், கிரில் போன்றவற்றில் பூச்சை எடுக்க வேண்டுமென்றால் துணி வெளுக்கும் பிளீச் போதும். அந்தப் பூச்சு மெல்லிய அலுமினியம், கொஞ்ச நேரத்தில் கரைந்துவிடும்.

கழுவுவதைப் பற்றி ஒரு வார்த்தை. அச்சிலிருந்து பாகம் ஒட்டாமல் வருவதற்காகத் தொழிற்சாலையில் எண்ணெய்ப் பசையுள்ள ஒன்றைத் தடவுவார்கள். அதன் மிச்சம் பாடியில் இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பிரஷ், அவ்வளவுதான். கொதிநீர் வேண்டாம், பாடி கோணிவிடும். இன்னொரு எண்ணெய் நம்மிடமே இருக்கிறது. தேங்காய் எண்ணெய் வைத்த தலையை ஒரு முறை கோதிவிட்டு அதே கையால் பானட்டைத் தொட்டால், அங்கே பெயிண்ட் மீன்கண் போல வட்டம் வட்டமாக விலகி நிற்கும். டேஷ்போர்டுக்கு அடிக்கும் சிலிக்கான் ஸ்ப்ரே அதைவிட மோசம். கடைசிக் கழுவலுக்குப் பிறகு கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பாடியின் உள்பக்கத்தை மட்டும் பிடியுங்கள். பிரைமருக்குச் சற்று முன்னால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு துடைப்பு. அதற்குப் பதிலாகக் கை கழுவும் சானிடைசரை எடுக்காதீர்கள், பலவற்றில் கிளிசரின் கலந்திருக்கும்.

சரி, பாடி சுத்தம். உடனே தேய்க்க உட்காராதீர்கள். சேசிஸ், பானட், பம்பர், முன் கண்ணாடி எல்லாவற்றையும் டேப் போட்டு ஒட்டி ஒரு முறை கூட்டிப் பாருங்கள். கண்ணாடி உட்காருமா, சேசிஸ் உள்ளே போகப் பாடியின் பக்கத்தை எவ்வளவு விரிக்க வேண்டியிருக்கிறது, பானட் இடுக்கு இரு பக்கமும் ஒரே அளவா என்பதெல்லாம் இப்போது தெரிந்தால் கோபம் வராது. பெயிண்ட் அடித்து, பாலிஷ் போட்டு, கண்ணாடியைத் திணிக்கும்போது டாப்பைத் தாங்கும் பில்லர் விரிசல் விட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. பானட் தனியாக வரும் கிட்டில் அதன் ஓரத்தை இப்போதே லேசாகத் தேய்த்து, பெயிண்டுக்கு இடம் விடுங்கள். முன்பக்கம், கீழ்ப்பட்டி என்று பாடியைச் சில துண்டுகளாகக் கொடுத்திருந்தால் மீண்டும் அதே கேள்வி. நிஜக் காரில் அந்த இணைப்பு தெரியுமா? தெரியாதென்றால் இப்போதே ஒட்டி, பட்டி பார்த்து ஒரே உடம்பாக்குங்கள்.

இப்போது அந்த மட்கார்டுக் கோடு. கார் பாடி ஒரு கவிழ்த்த தொட்டி. அதன் நாலு பக்கத்திலும் சாய்வும் வளைவும் இருப்பதால் இரண்டு துண்டு அச்சில் வார்க்க முடியாது. மேலே ஒன்று, உள்ளே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று நகரும் துண்டுகள் சேர்ந்துதான் அச்சு. அந்தத் துண்டுகள் சந்திக்கும் இடமெல்லாம் பாடியில் ஒரு மெல்லிய வரப்பு விழும். பெரும்பாலும் முன் விளக்குக்கு மேலே தொடங்கி, மட்கார்டின் முதுகில் ஓடி, முன் பில்லரில் ஏறி, டாப்பின் ஓரமாகப் போய், பின் பில்லரில் இறங்கி டிக்கி மூலையில் முடியும். பம்பர் மூலைகளிலும் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஏமாற்றும். சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து, பாடியைச் சாய்த்துப் பிடித்தால் ஓடுவது தெரியும். நகத்தைக் குறுக்கே இழுத்தால் இன்னும் சுலபம், நகம் தடுக்கும்.

இதைத் தேய்ப்பதற்கு முன் சுரண்டுங்கள். கத்தியின் கூர்ப்பக்கம் வேண்டாம், முதுகுப்பக்கத்தைப் பரப்புக்குச் செங்குத்தாக நிறுத்தி, உங்களை நோக்கி லேசாக இழுக்க வேண்டும். அழுத்தினால் கத்தி துள்ளித் துள்ளிப் போய் ரோட்டில் வேகத்தடை போட்ட மாதிரி அலை விழும். வரப்பு போனதும் 400, பிறகு 600, பிறகு 1000. எல்லாம் தண்ணீரில், ஒரு சொட்டு சோப்போடு. விரலில் பேப்பரைச் சுற்றித் தேய்க்காதீர்கள். விரல் நுனி தட்டையானது அல்ல, மூன்று விரல் வைத்துத் தேய்த்தால் மூன்று வாய்க்கால் விழும். பட்டறையில் ரப்பர் கட்டை வைத்துத்தான் தேய்ப்பார்கள். நமக்கு அழிரப்பரும் குச்சி ஐஸ் குச்சியும் போதும். வளைவுக்குப் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைச் சிறிதாக வெட்டிப் பேப்பருக்குப் பின்னால் வையுங்கள்.

தேய்க்கும்போது பழகாதவர்கள் செய்யும் இன்னொரு தப்பு, காரின் உடம்பில் உண்மையாகவே இருக்கும் மடிப்பைக் கரைத்துவிடுவது. கதவின் இடுப்பில் ஓடும் கூர்மையான மடிப்பும், மட்கார்டின் முனையும் இரண்டு தேய்ப்பில் மழுங்கிவிடும். மடிப்புக்குப் பக்கத்தில் தேய்க்கும்போது அதன்மேல் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது பள்ளம். பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும் இடத்துக்கு, அதாவது உள்பக்கம் முட்டோ திண்டோ இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே, வெளிப்பக்கம் ஆறும்போது சுருங்கி உள்வாங்கும். டாப்பிலும் டிக்கியிலும் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். பட்டறையில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: பட்டியின் மேல் வேறு நிறத்தைப் புகை போல மெல்லத் தூவி, கட்டை வைத்துத் தேய்ப்பார்கள். மேடான இடத்தில் நிறம் போய்விடும், பள்ளத்தில் தங்கிவிடும். சின்னப் பாடியில் தூவக்கூட வேண்டாம். தேய்த்த இடமெல்லாம் மங்கும், தேயாத தீவு மட்டும் பளபளப்பாகவே நிற்கும். அதுதான் பள்ளம்.

எதை வைத்து நிரப்புவது? நம் ஊர் ஆட்டோ பெயிண்ட் கடையில் கிடைக்கும் என்.சி. பட்டியை வைக்கலாம், ஆனால் அதிலும் தின்னர் உண்டு. தடிமனாக அப்பினால் அடியில் பிளாஸ்டிக் குழையும், மேலே காய்ந்த மாதிரி நடித்துவிட்டு ஒரு வாரம் கழித்து அமுங்கும். மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் விட்டு, மறுபடி தடவ வேண்டும். கொஞ்சம் ஆழமான குழிக்கு ஹார்டனர் கலக்கும் பட்டி நல்லது. அது காற்றில் உலர்வதில்லை, ரசாயனத்தால் இறுகுவது, அதனால் பிறகு அமுங்குவது குறைவு. மாடல்காரர்களுக்கென்றே டமியா கம்பெனி டியூபில் விற்கும் சாம்பல் பட்டியும் தின்னர் ஆவியாகிக் காயும் லாக்கர் வகைதான், மெல்லிய கீறலுக்கு அருமை.

ஊசிமுனைக் குழிக்கு நான் நம்புவது ஃபெவிக்விக்கும் குழந்தைக்குப் போடும் பவுடரும். இரண்டையும் கூழாகக் குழைத்துப் பல்குச்சியால் வைத்தால் நொடியில் பிடிக்கும், அமுங்காது. ஒரே நிபந்தனை, ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் பசை பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகிவிடும். தேய்க்கத் தேய்க்க சுற்றியுள்ள பிளாஸ்டிக்தான் இறங்கும், பசை குன்று போல நிற்கும். ஆப்பச் சோடா தூவுபவர்களும் உண்டு. அது கல். எனக்குப் பிடிக்காது.

இனி, அழிக்கக் கூடாத கோடுகள். இதைத்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும். நிஜக் காரில் கதவு இடுக்கு 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 24-ஆல் வகுத்தால் 0.17 மில்லிமீட்டர். பிரைமர், நிறம், அதற்கு மேல் அடிக்கும் நிறமற்ற கிளியர் எல்லாம் சேர்ந்து ஒரு பக்கச் சுவருக்கு 0.1 என்றால் இரண்டு சுவருக்கும் 0.2. கணக்குப்படி இடுக்கே இருக்காது! அதனால்தான் கிட் செய்பவர்கள் இடுக்கைக் கொஞ்சம் அகலமாகவே வெட்டித் தருகிறார்கள். ஆனாலும் அகலம் மட்டும் போதாது. ஆழமில்லாத இடுக்கில் பெயிண்ட் தேங்கிக் குட்டை கட்டும். ஆழமாக இருந்தால் அடியில் எவ்வளவு தேங்கினாலும் மேலே நிழல் நிற்கும். கண்ணுக்குக் கதவு என்று தெரிவது அந்த நிழல்தான். பழைய அச்சுகளில் வார்த்த கிட்டில் இடுக்கு வெறும் கீறலாக இருக்கும். புதிய கிட்டிலும் பக்கவாட்டில் ஆழமாகவும், வளைந்து கீழே போகும் இடத்தில் மேலோட்டமாகவும் இருக்கும்.

இதற்கென்று விற்கும் கீறும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைக்கத்தியில் போடும் 11-ஆம் நம்பர் கூர்முனைப் பிளேடைத் திருப்பிப் பிடித்து, முதுகு நுனியை இடுக்குக்குள் வையுங்கள். பேனா பிடிப்பது போலப் பிடித்து, கையின் எடை மட்டுமே விழும்படி உங்களை நோக்கி இழுங்கள். முதல் இழுப்பில் ஒன்றும் வராது. நாலாவது ஐந்தாவது இழுப்பில் தேங்காய்த் துருவல் போல மெல்லிய சுருள் எழும். சுருள் எழுந்தால் வெட்டுகிறது என்று அர்த்தம், தூள் வந்தால் உரசுகிறது. மூலைக்குச் சற்று முன்பே நிறுத்துங்கள். மூலையைத் தாண்டிப் போகும் கீறல்தான் அதிகம். கத்தியைத் திருப்பி, மூலையிலிருந்து வெளியே எதிர்ப்பக்கமாக இழுங்கள். எப்போதும் மூலையில் தொடங்குங்கள், மூலையில் முடிக்காதீர்கள்.

நேர்கோட்டுக்குத் தடுப்பு வேண்டும். இன்சுலேஷன் டேப் இழுபடும், அது உதவாது. பெயர் அச்சிடும் தடித்த டைமோ டேப் கிடைத்தால் அதற்கு நிகரில்லை. கிடைக்காவிட்டால் மாஸ்கிங் டேப்பை ஆறேழு அடுக்கு ஒட்டி ஸ்கேல் வைத்து ஓரம் வெட்டிக்கொள்ளுங்கள். எவ்வளவு ஆழம் என்று அறிய ஒரு தந்திரம்: இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பாடிக்குள் வையுங்கள். இடுக்கு மெலிந்த இடம் வெளிச்சக் கோடாக ஒளிரும். உங்கள் சிவப்புப் பாடியில் அது அடுப்புத் தணல் போலத் தெரியும். கதவைச் சுற்றி அந்த ஒளி ஒரே அளவில் ஓடினால் போதும். ஓரிடம் மட்டும் பளிச்சென்று இருந்தால் அங்கே இனி கத்தி வைக்காதீர்கள், கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். வழுக்கி ஒரு கோடு விழுந்துவிட்டதா? பதற வேண்டாம். அதற்குத்தான் ஃபெவிக்விக் இருக்கிறது.

கடைசியாகப் பல் பிரஷால் இடுக்குகளைத் தேய்த்துத் தூளை வெளியேற்றுங்கள். அந்தத் தூள் உள்ளேயே இருந்தால், பிரைமர் அதையும் சேர்த்துச் சிமெண்ட் போட்டு அடைத்துவிடும்.

இவ்வளவோடு நிறுத்தினாலே கார் நன்றாக வரும். இன்னும் ஒரு படி போக ஆசையிருந்தால், சக்கர வளைவின் ஓரத்தைப் பாருங்கள். பாடிப் பிளாஸ்டிக் ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமன் என்றால், நிஜ அளவில் அது 3 சென்டிமீட்டர். எந்தக் காருக்கு 3 சென்டிமீட்டர் தகரம்? பொம்மை பொம்மை போலத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இந்தத் தடித்த ஓரம். உள்பக்கத்திலிருந்து கத்தியால் சாய்வாகச் சீவி, வெளியே தெரியும் விளிம்பை மட்டும் தாள் போல ஆக்குங்கள். வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது. பம்பருக்குக் கீழே உள்ள விளிம்பிலும் இதையே செய்யுங்கள். கிரில்லும் அப்படித்தான். ஓட்டையே இல்லாமல் வெறும் பள்ளமாக வார்த்திருந்தால், பின்பக்கத்தை வாட்டர் பேப்பரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் சதுரம் சதுரமாகத் திறக்கும். அந்தக் கணத்தின் சந்தோஷத்துக்காகவே நான் சில கிட் வாங்கியிருக்கிறேன்.

பாடியோடு சேர்த்து வார்த்த வைப்பர், கைப்பிடி, ஆன்டெனாத் திண்டு ஆகியவற்றைச் சீவி எடுத்துவிட்டுத் தனியாகச் செய்து வைப்பதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். வைப்பர் மொத்தையாக இருந்தால் நான் எடுத்துவிடுவேன். கதவுக் கைப்பிடியை முதல் காரில் தொட வேண்டாம். பக்கக் கண்ணாடிக்கு அரை மில்லிமீட்டரில் துளை போட்டு, மின்கம்பிக்குள் இருக்கும் செம்பு இழையை முளையாக வைத்துப் பாருங்கள். பெயிண்டுக்கு மேல் பசை தடவி ஒட்டிய கண்ணாடி கை பட்டாலே விழும், முளை வைத்தது நிற்கும். துளையைப் பெயிண்டுக்கு முன் போட வேண்டும். பிறகு போட்டால் சுற்றிப் பெயிண்ட் சில்லு சில்லாகத் தெறிக்கும்.

டிக்கியில் புடைத்திருக்கும் பெயர் எழுத்துகளுக்கு ஒரு அழகான வழி உண்டு. அவற்றின் மேல் தூரிகையால் சில்வர் அடிக்கப் போனால் கை நடுங்கிப் பக்கத்தில் ஒட்டும். அதற்குப் பதில், பிரைமர் அடித்த பிறகு, நிறம் அடிப்பதற்கு முன், ஒட்டும் தன்மையுள்ள மெல்லிய உலோகத்தாளை அந்த எழுத்தின் மேல் பதித்து, பல்குச்சியால் ஒவ்வொரு எழுத்தையும் சுற்றி அமுக்கி, மிச்சத்தை வெட்டிவிடுங்கள். பேர் மெட்டல் ஃபாயில் என்ற பெயரில் இந்தத் தாள் விற்கிறது. அதன் மேலேயே காரின் நிறத்தை அடித்துவிடுங்கள், பயப்பட வேண்டாம். காய்ந்ததும் தட்டைக் குச்சியில் துணி சுற்றி, தின்னரில் தொட்டும் தொடாமல் நனைத்து, எழுத்தின் உச்சியை மட்டும் வருடினால் நிறம் விலகி அடியிலிருக்கும் உலோகம் எழுத்தாக மின்னும். கிளியர் அடிப்பது அதற்குப் பிறகு. புடைப்பு மழுங்கிய கிட்டில் இது வேலைக்காகாது.

பிரைமருக்கு வருவோம். கடையில் வண்டிக்கென்று விற்கும் பிரைமரில் தின்னர் கடுமையாக இருக்கும். அடிப்பதானால் சட்டத்துண்டில் அடித்துப் பார்த்துவிட்டு. மாடலுக்கென்று வரும் டமியா ஃபைன் சர்ஃபேஸ் பிரைமர், மிஸ்டர் சர்ஃபேசர் போன்றவை பாலிஸ்டைரீனைக் கணக்கில் வைத்துச் செய்தவை. மிஸ்டர் சர்ஃபேசரில் 500, 1000, 1200, 1500 என்று நம்பர் உண்டு. வாட்டர் பேப்பர் போலவே, நம்பர் ஏற ஏற நைஸ். 500 கீறலை நிரப்பும், கார் பாடிக்கு முழுக்க அடிக்க முரடு. 1000 அல்லது 1200 போதும். கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் தூறல் மெல்லியதாக வரும். கொதிநீரில் நிறுத்தினால் கேன் வெடிக்கும். ஒரு சாண் தூரத்திலிருந்து, பாடிக்கு வெளியே அடிக்கத் தொடங்கி, பாடியைக் கடந்து வெளியே போய் நிறுத்துங்கள். முதல் பூச்சில் பிளாஸ்டிக் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். பத்து நிமிடம் விட்டு இரண்டாவது, மூன்றாவது. ஜன்னலைத் திறந்துவையுங்கள். கரித்தட்டு வைத்த முகமூடி போடுங்கள், துணி முகமூடி ஆவியைத் தடுக்காது. பக்கத்தில் பூஜை விளக்கு எரிகிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துகொண்டே இருக்கும். குற்றாலத்தில் அருவி விழுகிறது என்று ஊரே குளிக்கப் போகும் அந்தச் சமயம் பெயிண்ட் அடிக்க மோசமான சமயம். லாக்கர் ஆவியாகும்போது பரப்பைக் குளிர்விக்கும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனி படியும். பால் தெளித்த மாதிரி வெள்ளை பூத்துவிடும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் நான் கேனைத் தொடுவதில்லை. அந்த மாதங்களை நான் சுரண்டுவதற்கும் தேய்ப்பதற்கும் வைத்துக்கொள்கிறேன். எப்படியும் தண்ணீரில் தேய்க்கும் வேலைதானே. அடித்தே ஆக வேண்டுமென்றால் சாரல் விட்ட வெயில் நேரத்தில் அடித்து, உடனே ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள், உள்ளே குண்டு பல்பு எரியவிட்டு மூடிவிடுங்கள். பெட்டிக்குள் கை வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சுட்டால் பாடி வளையும். ஆடிக்காற்று வேறு தூசியைக் கொண்டுவரும். அடிக்கும் இடத்தில் முதலில் தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அமர்த்துவது பட்டறைப் பழக்கம், அதையும் செய்யலாம்.

பிரைமர் காய்ந்ததும் உண்மை வெளியே வரும். ஒரே சாம்பல் நிறத்தில், அழித்துவிட்டோம் என்று நினைத்த கோட்டின் வால் தெரியும், 400-இன் கீறல் தெரியும். மனம் உடைய வேண்டாம், பிரைமர் அதற்காகத்தான். அந்த இடத்தை மட்டும் நிரப்பி, தேய்த்து, மறுபடி பிரைமர். எனக்கு இதுவரை ஒரு பாடியும் முதல் பிரைமரில் தேறியதில்லை. தேறியதும் 1500-ஆல் ஈரத்தில் ஒரு மெல்லிய வருடல், இடுக்குகளில் பிளேடு முதுகால் ஒரே ஒரு இழுப்பு.

உங்கள் சிவப்புப் பிளாஸ்டிக்குக்கு மேலே வெள்ளை வேண்டும் என்பதால் நேராக வெள்ளைப் பிரைமருக்குப் போகாதீர்கள். முதலில் சாம்பல். அது காய்ந்த பின் மெல்லியதாக ஒரு கோட் சில்வர். சில்வரில் உள்ள உலோகத் துகள் அடுக்கடுக்காகப் படுத்துச் சாயத்துக்கு அணை கட்டும். அதற்கு மேல் வெள்ளைப் பிரைமர், அதற்கு மேல் வெள்ளை. இவ்வளவு அடுக்கு ஏறப் போவதால் உங்கள் கதவு இடுக்குகளை நான் மேலே சொன்னதைவிட இன்னும் கொஞ்சம் ஆழமாகவே கீறுங்கள்.

இரும்புப் பொம்மைக் கார்களைப் பிரித்து மறுபடி பெயிண்ட் அடிப்பவர்கள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்குச் சுருக்கமாக: அது இரும்பல்ல, துத்தநாகக் கலவை. அதற்குத் தின்னர் பயமில்லை, பெயிண்ட் ரிமூவரும் போடலாம், கையுறையோடு. ஆனால் பிளாஸ்டிக் பாகங்களையெல்லாம் கழற்றிய பிறகு. அச்சுக்கோடு அதிலும் உண்டு, அரம் போட்டுத்தான் எடுக்க வேண்டும். வெறும் உலோகத்தில் சாதாரணப் பிரைமர் சரியாகப் பிடிக்காது, உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமர் வேண்டும்.

தம்பி, பிரேக் ஆயிலில் பாடியைப் போடும் முன் பின் கண்ணாடிச் சட்டத்தின் உள்மூலையை ஒரு முறை பாருங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் அங்கே பெயிண்ட் தடித்துத் தொங்குகிறது. ஒரு ராத்திரியில் அது மட்டும் வராது. அந்த மூலைக்கு இரண்டாவது ராத்திரியும் கொடுங்கள், கத்தியால் கிளறாதீர்கள்.